கம்ப்யூட்டருக்குள் வந்த போலீஸ்

போன அரையாண்டுப் பரீட்சை லீவில் ஒரு சனிக்கிழமை. மத்தியானப் பாத்திரங்களைத் துலக்கிக் கவிழ்த்துவிட்டு, தோசைக்கு அரிசி களைந்துகொண்டிருந்தேன். உள்ளறையிலிருந்து திடீரென்று சைரன் சத்தம். ஆம்புலன்ஸ் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டதோ என்று நினைக்கும்படி அலறியது. ஈரக்கையோடு ஓடினேன். பிளஸ் ஒன் படிக்கும் என் பையன் லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தான். முகத்தில் ரத்தமே இல்லை.

அந்த லேப்டாப் பெரியவளுடையது. அவள் பிளஸ் டூ படித்தபோது அரசாங்கம் இலவசமாகக் கொடுத்தது. அவள் சென்னைக்கு வேலைக்குப் போன பிறகு தம்பிக்கு வந்தது. அதில் பாடமும் பார்ப்பான், படமும் பார்ப்பான். நான்கூட எப்போதாவது ஜாக்கெட் கழுத்து டிசைன் பார்ப்பது உண்டு.

திரை முழுக்க நான்கு சிங்க முத்திரை. பெரிய எழுத்தில் போலீஸ் என்று இருந்தது. நான் ஹைஸ்கூலோடு நின்றவள். எழுத்துக் கூட்டிப் படித்ததில் புரிந்தது இவ்வளவுதான்: தடை செய்யப்பட்ட ஆபாசப் படங்களைப் பார்த்ததால் இந்தக் கம்ப்யூட்டர் பூட்டப்பட்டிருக்கிறது, ஆறு மணி நேரத்துக்குள் 29 ஆயிரத்துச் சொச்சம் அபராதம் கட்டவேண்டும், தவறினால் வீட்டுக்குப் போலீஸ் வரும், ஜெயில் தண்டனை உண்டு. கீழே ஒரு கடிகாரம் வினாடி வினாடியாகக் குறைந்துகொண்டே வந்தது.

நான் கேட்ட முதல் கேள்வி, "இன்னாடா பார்த்தே?" என்பதுதான்.

அவன் பதில் சொல்லவில்லை. உதடு துடித்தது. "சினிமாதாம்மா தேடினேன். டவுன்லோடுன்னு போட்டிருந்திச்சு, அமுக்கினேன். சத்தியமா வேற ஒண்ணுமில்லேம்மா" என்று அழ ஆரம்பித்துவிட்டான். நான் நம்பினேனா? முழுசாக நம்பவில்லை. அக்கம்பக்கம் இந்தச் சைரன் சத்தம் கேட்குமே, போலீஸ் ஜீப் தெருவில் வந்து நின்றால் என்ன ஆகும், பிள்ளையின் படிப்பு என்ன ஆகும் என்று மனசு தறிகெட்டு ஓடியது. கதவைச் சாத்தினேன். இவர் சம்பளம் எடுத்து வரச் சொல்லி என்னிடம் கொடுத்து வைத்திருக்கும் ஏடிஎம் கார்டு அஞ்சறைப் பெட்டிக்குப் பின்னால் இருந்தது. அதைக் கொண்டுவந்து, திரையில் இருந்த கட்டங்களில் பதினாறு நம்பரையும், பின்பக்கம் இருக்கும் மூன்று நம்பரையும் நானே அடித்தேன். ஆம், நானேதான்!

அடுத்து ஓடிபி கேட்டது. அது இவர் போனுக்குப் போகும். இவர் ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியில் வேலை செய்கிறார். வேலை நேரத்தில் போனை வெளியே வைத்துவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். நான் திரும்பத் திரும்பக் கூப்பிடுகிறேன், எடுப்பாரில்லை. டீ குடிக்க வெளியே வந்தவர் அப்புறம்தான் கூப்பிட்டார். "இன்னா இது, 29 ஆயிரத்துக்கு ஓடிபி வந்துகீது? இன்னா வாங்குறே?"

"போலீஸ் ஃபைன்" என்றேன் மெதுவாக.

அந்தப் பக்கம் ஒரு நிமிஷம் சத்தமே இல்லை. பிறகு, "போலீஸ்னா வீட்டுக்கு வருவான், இல்லே ஸ்டேஷனுக்குக் கூப்பிடுவான். கார்டு நம்பர் கேப்பானா? மெசேஜ்ல ஏதோ வெளிநாட்டுக் கடை பேர் போட்டிருக்கு. போலீஸ்னே இல்லையே!" என்றார். அதற்குள் அந்த ஓடிபியின் கெடுவும் முடிந்திருந்தது. டீ நேரம் பத்து நிமிஷம் முன்னால் வந்திருந்தால் அவர் படிக்காமலே நம்பரைச் சொல்லியிருப்பார், நானும் அடித்திருப்பேன். கார்டின் பின்னால் அச்சிட்டிருக்கும் பாங்க் நம்பருக்குப் பேசிக் கார்டை முடக்கினோம். ஒரு ரூபாய் போகவில்லை.

லேப்டாப் மட்டும் இன்னும் அலறிக்கொண்டிருந்தது. அதை ஒரு துண்டில் சுற்றி, பச்சைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி பஜாரில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் தம்பியிடம் கொண்டு போனேன். அவர் திறந்து பார்த்தார். பவர் பொத்தானைப் பத்து வினாடி விடாமல் அமுக்கினார். அணைந்தது. மறுபடி போட்டார். எல்லாம் சாதாரணமாக வந்தது. "அக்கா, இது பூட்டே இல்லே. வெறும் படம்" என்று சிரித்தார். காசுகூட வாங்கவில்லை.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெறும் படமா? அந்தத் திரையின் மேலே விலாசம் எழுதும் இடத்தில் அரசாங்க வெப்சைட்டின் பெயர் தெளிவாக இருந்ததை நான் என் கண்ணால் பார்த்தேனே? அதற்கும் அவர் விளக்கம் சொன்னார். அந்தப் பக்கம் திறந்ததும் திரை முழுவதையும் அடைத்துக்கொள்கிறது. நிஜமான விலாசப் பட்டை அதற்குப் பின்னால் மறைந்து போகிறது. அந்த இடத்தில் பொய்யான ஒரு பட்டையையும் சேர்த்துப் படமாக வரைந்து வைத்திருக்கிறார்கள். மௌஸின் அம்புக்குறியையும் ஒளித்துவிடுகிறார்கள். அதனால் மெஷின் செத்துவிட்டது போலத் தோன்றுகிறது. கம்ப்யூட்டருக்குள் எதுவும் நுழையவில்லை, எதுவும் பூட்டப்படவில்லை. நடுச்சுவரில் ஜெயில் கதவு வரைந்து வைத்தால் நாம் உள்ளே மாட்டிக்கொண்டோமா என்ன? ஆனால் பயந்த கண்ணுக்கு அது கதவாகத்தான் தெரிகிறது.

பையன் அன்று ராத்திரி சாப்பிடவில்லை. மறுநாளும் சரியாகச் சாப்பிடவில்லை. எல்லாம் பொய் என்று தெரிந்த பிறகும் ஏன் என்று எனக்கு முதலில் விளங்கவில்லை. பெரியவள் போனில் சொன்னாள்: "அம்மா, அந்தத் திரையை அவன் மறந்துட்டான். நீ கேட்ட கேள்வியைத்தான் மறக்கலே."

அவள்தான் கோழிக்கோட்டு விஷயத்தையும் சொன்னாள். 2023 செப்டம்பரில் நடந்தது. பதினாறு வயதுப் பையன், நன்றாகப் படிக்கிறவன். லேப்டாப்பில் இதே மாதிரி ஒரு திரை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் பெயரைப் போட்டு, 33,900 ரூபாய் கட்டு, இல்லாவிட்டால் போலீஸ் வரும், ஜெயில் என்று மிரட்டல். அந்தப் பிள்ளை யாரிடமும் சொல்லவில்லை. உயிரை மாய்த்துக்கொண்டான். அந்தத் தாயை நினைத்தால் இதை எழுதும்போதுகூட எனக்குக் கை நடுங்குகிறது. அவனுக்கு வந்த அதே படம்தான் என் வீட்டுக்கும் வந்தது. எங்கள் வீட்டில் சைரன் சத்தமாகக் கேட்டது, நான் அடுப்படியில் இருந்தேன். அவ்வளவுதான் வித்தியாசம். அவன் காதில் ஹெட்போன் மாட்டியிருந்தால் எனக்குத் தெரிந்தே இருக்காது.

அந்தக் காப்பகம் என்பது 1986-ல் தொடங்கிய மத்திய அரசு அலுவலகம். நாட்டில் எத்தனை களவு, எத்தனை கொலை என்று வருஷா வருஷம் கணக்கெடுத்துப் புத்தகமாகப் போடுவது அதன் வேலைகளில் ஒன்று. யார் வீட்டுக் கம்ப்யூட்டரையும் அது பூட்டாது, யாரிடமும் அபராதம் வசூலிக்காது. இதை அந்தப் பிள்ளைக்கு யாராவது ஒருவர் சொல்லியிருக்கலாம்.

இந்த மோசடியின் சூட்சுமமே, வெளியே சொல்லமுடியாத குற்றத்தைச் சுமத்துவதுதான். கரண்ட் பில் கட்டவில்லை என்று வந்தால் நாலு பேரிடம் கேட்போம். 'ஆபாசம்' என்று வந்தால் வாயை மூடிக்கொள்வோம். அந்த மௌனம்தான் அவர்களுக்கு வருமானம். நிஜமாகவே பார்க்கக்கூடாததைப் பிள்ளை பார்த்திருந்தாலும், அது பிள்ளையும் பெற்றவர்களும் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டிய விஷயம். எவனோ ஒருவனுக்கு 29 ஆயிரம் கொடுத்துத் தீர்க்கவேண்டியதில்லை.

என் மாமியாருக்கு நடந்ததைச் சொன்னபோது, "நகைக்குப் பாலிஷ் போட வந்தவன்தான்டி இவன்" என்றார். அந்தக் காலத்தில் ஆம்பளைகள் வேலைக்குப் போன நேரம் பார்த்து, தெருவில் ஒருவன் வருவானாம். வளையலைத் திராவகத்தில் முக்கி எடுத்துப் பளபளவென்று கொடுப்பானாம். நிறுத்துப் பார்த்தால் ஒரு சவரனில் ரெண்டு குண்டுமணி குறைந்திருக்கும். ஏமாந்த பெண்கள் புருஷனுக்குப் பயந்து சொல்லமாட்டார்கள். அதனால் அவன் அடுத்த தெருவுக்கும் தைரியமாகப் போவானாம்.

இந்த வித்தையும் நேற்று முளைத்ததில்லை. 1989-லேயே ஜோசப் பாப் என்ற அமெரிக்க உயிரியல் நிபுணர் இப்படி ஒரு வேலை செய்தார். எய்ட்ஸ் நோய் பற்றிய தகவல் என்று சொல்லி, சுமார் இருபதாயிரம் பேருக்கு ஃபிளாப்பி தட்டுகளைத் தபாலில் அனுப்பினார். அதைப் போட்ட கம்ப்யூட்டர் தொண்ணூறு தடவை வரை ஒழுங்காக ஓடும். அதற்கப்புறம் ஃபைல்களின் பெயரெல்லாம் உருமாறிப்போகும். 189 டாலரைப் பனாமா நாட்டில் ஒரு தபால் பெட்டிக்கு அனுப்பு என்று கேட்கும். நோயைச் சொல்லி ஏமாற்றியதை நினைத்தால் எரிச்சலாக இருக்கிறது.

பாப் செய்தது வெறும் படமில்லை, நிஜப் பூட்டு. அந்த வழியில் வந்தவை இன்றும் உண்டு. 'ரான்சம்வேர்' என்கிறார்கள். ஃபைல்களை உள்ளே புகுந்து உருமாற்றிவிட்டு, திருப்பித் தரப் பணம் கேட்பது. 2017 மே 12-ஆம் தேதி 'வானாக்ரை' என்று ஒன்று கிளம்பி ஏறக்குறைய 150 நாடுகளில் பரவியது. ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் முதலில் 300 டாலர், அன்றைய கணக்கில் 19 ஆயிரம் ரூபாய் கேட்டது. இங்கிலாந்தில் ஆஸ்பத்திரிகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பும்படி ஆயிற்று. இதில் வருத்தம் என்னவென்றால், அதைத் தடுக்கும் மருந்தை மைக்ரோசாஃப்ட் கம்பெனி அதற்கு இரண்டு மாதம் முன்பே, மார்ச்சிலேயே கொடுத்துவிட்டது. 'அப்டேட்' என்று வந்ததை 'அப்புறம் பார்க்கலாம்' என்று தள்ளியவர்கள்தான் பெரும்பாலும் மாட்டிக்கொண்டார்கள். 2021 செப்டம்பரில் சென்னையில் நம் மாநில அரசின் பொதுத்துறைக் கம்ப்யூட்டர்களே இப்படிப் பூட்டப்பட்டு, 1,950 டாலர் கேட்கப்பட்டது. 2022 நவம்பர் 23 அன்று டில்லி எய்ம்ஸ் ஆஸ்பத்திரியில் சர்வர்கள் முடங்கி, இரண்டு வாரம்போலக் கையால் சீட்டு எழுதி வைத்தியம் பார்த்தார்கள்.

வீட்டில் இருப்பவளுக்கு இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் போதும். மிரட்டல் வந்ததா, பவர் பொத்தானை அமுக்கி அணைத்துவிட்டு மறுபடி போடுங்கள். மிரட்டல் காணாமல் போய், உங்கள் போட்டோக்களும் பிள்ளையின் நோட்ஸும் வழக்கம்போலத் திறந்தால், அது படம். அணைத்துப் போட்ட பிறகும் ஃபைல்கள் திறக்காமல், பெயருக்குப் பின்னால் இதுவரை பார்க்காத எழுத்துகள் ஒட்டிக்கொண்டிருந்தால், அது நிஜப் பூட்டு. அப்போது உடனே இன்டர்நெட் இணைப்பைப் பிடுங்கிவிடவேண்டும். பென்டிரைவ், ஹார்டு டிஸ்க் எதையும் அதில் செருகக்கூடாது. பணமும் கட்டக்கூடாது. கட்டினவர்களுக்கெல்லாம் திரும்பக் கிடைத்துவிடுவதில்லை. நெதர்லாந்து போலீசும் ஐரோப்பியப் போலீஸ் அமைப்பும் வேறு சில கம்பெனிகளோடு சேர்ந்து 2016-ல் 'நோ மோர் ரான்சம்' என்று ஒரு வெப்சைட் தொடங்கினார்கள். சில வகைப் பூட்டுகளுக்கு அங்கே சாவி இலவசமாகவே கிடைக்கிறது. ரிப்பேர் கடைக்காரரிடம் கேட்டுப் பாருங்கள். இதற்கெல்லாம் மேலான வழி, கல்யாண போட்டோ, குழந்தையின் போட்டோ, பத்திர நகல் எல்லாவற்றையும் ஒரு தனி ஹார்டு டிஸ்க்கில் ஏற்றி, கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிப் பீரோவில் வைப்பது. மாட்டியே வைத்திருந்தால் பிரயோஜனமில்லை, அதையும் சேர்த்துப் பூட்டிவிடும்.

படம் மட்டும் வந்திருந்தால் கடைக்குக்கூடப் போகவேண்டாம். எஸ்கேப் பொத்தானைக் கொஞ்ச நேரம் அமுக்கிப் பிடித்தாலே சில சமயம் திரை சுருங்கிவிடும். இல்லாவிட்டால் ஆல்ட் பொத்தானை அமுக்கிக்கொண்டே எஃப்4-ஐத் தட்டலாம். எதற்கும் மசியவில்லையென்றால் இருக்கவே இருக்கிறது பவர் பொத்தான். திரும்பப் போட்டதும், 'முன்பு திறந்திருந்த பக்கங்களைத் திறக்கட்டுமா?' என்று இங்கிலீஷில் நைச்சியமாக ஒரு கேள்வி வரும். ஆமாம் என்று சொல்லிவிடாதீர்கள், அதே சனியன் மறுபடி வந்து உட்காரும்! எனக்கு ஒருமுறை வந்தது.

இதிலேயே இன்னொரு ரகம். 'வைரஸ் வந்துவிட்டது, உடனே இந்த நம்பருக்குப் பேசுங்கள்' என்று மைக்ரோசாஃப்ட் பெயரில் வரும். அந்தக் கம்பெனி தன் எச்சரிக்கைகளில் போன் நம்பர் போடுவதே இல்லை என்று அதுவே சொல்லியிருக்கிறது. ஆகவே நம்பர் இருந்தாலே பொய். பேசினால் மிகவும் மரியாதையாக, 'மேடம், எனிடெஸ்க் போடுங்கள், டீம்வியூவர் போடுங்கள்' என்பார்கள். போட்டால் அங்கே இருந்துகொண்டே நம் திரையைப் பார்க்கலாம், நம் கையைப் பிடித்து எழுதுகிற மாதிரி எழுதவும் செய்யலாம். பாங்க் கணக்கைத் திறந்தால் கதை முடிந்தது. தெரியாமல் போட்டுவிட்டால் முதல் வேலையாக நெட்டைத் துண்டியுங்கள். அந்தச் செயலியை நீக்குங்கள். பாஸ்வேர்டுகளை வேறொரு போனில் இருந்து மாற்றுங்கள்.

படத்துப் போலீஸ் போய் இப்போது வீடியோவில் யூனிஃபார்ம் போட்டுக்கொண்டே ஆள் வருகிறார்கள். 'டிஜிட்டல் அரெஸ்ட்' செய்திருக்கிறோம், காமிரா முன்னாலிருந்து நகரக்கூடாது, வீட்டில் யாரிடமும் சொல்லக்கூடாது என்கிறார்கள். பார்த்தீர்களா, 'யாரிடமும் சொல்லாதே' என்பது இதிலும் வந்துவிட்டது. 2024 அக்டோபர் 27 அன்று பிரதமரே ரேடியோவில், சட்டத்தில் டிஜிட்டல் அரெஸ்ட் என்று ஒன்று கிடையவே கிடையாது என்று சொன்னார். 2025 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட் இந்த மோசடிகளை விசாரிக்கும் பொறுப்பை சிபிஐ வசம் ஒப்படைத்தது. அவ்வளவு தூரத்துக்குப் பெருகிவிட்டது.

பணம் போய்விட்டதென்றால் அழுதுகொண்டு உட்காரும் நேரமில்லை. 1930 என்ற நம்பருக்கு உடனே பேசவேண்டும். நம் பணம் ஒரு பாங்கிலிருந்து இன்னொரு பாங்குக்கு ஓடிக்கொண்டிருக்கும்போதே வழியில் மடக்கி நிறுத்துவதற்காக ஏற்பட்டது அது. முதல் ஒரு மணி நேரத்துக்குள் சொன்னால் பலன் அதிகம். பாங்கிலிருந்து வந்த மெசேஜைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். எப்போது, எவ்வளவு, எந்த நம்பர் என்று கேட்பார்கள். சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன் என்ற வெப்சைட்டிலும் புகார் எழுதலாம். அந்த மிரட்டல் திரையைப் போனில் ஒரு போட்டோ எடுத்து வைத்தால் உதவும். பாங்குக்குத் தனியாகத் தகவல் சொல்லவும் மறக்காதீர்கள். ரிசர்வ் வங்கி 2017-ல் போட்ட விதிப்படி, ஓடிபியை நாமே சொல்லி ஏமாந்தால், பாங்குக்குத் தெரிவிக்கும்வரை போன பணம் நம் தலையில்தான். தெரிவித்த பிறகு போவது பாங்கின் பொறுப்பு. வெட்கப்பட்டு ராத்திரி முழுக்க யோசித்தால் அத்தனையும் நம் நஷ்டம்.

எங்களுடைய மாதிரி பழைய லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதில் இருக்கும் விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியோடும், விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடும் வழக்கமான இலவச அப்டேட் நின்றுவிட்டது. தாழ்ப்பாள் தேய்ந்த கதவு மாதிரி. என் பெண் அதை மாற்றிக் கொடுக்கும்வரை அந்த லேப்டாப்பில் பாங்க் வேலை எதுவும் செய்வதில்லை, இலவச சினிமா தேடுவதும் இல்லை என்று வைத்திருக்கிறோம். இரண்டாவதற்குப் பையன் சற்று முனகினான்.

அவனிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். அம்மா பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்பதா என்று உங்களில் சிலர் நினைக்கலாம். "நான் அப்படிக் கேட்டிருக்கக்கூடாதுப்பா. இனிமே எது வந்தாலும், நீயே தப்புப் பண்ணியிருந்தாலும், முதல்ல என்கிட்ட சொல்லு. திட்டுறதெல்லாம் அப்புறம்" என்றேன். "அப்போ திட்டுவியா?" என்றான். அதற்குப் பிறகுதான் தட்டில் கை வைத்தான். சில பிள்ளைகள் இப்படிச் சீக்கிரம் தேறமாட்டார்கள். சாப்பிடாமல், தூங்காமல், அறையைச் சாத்திக்கொண்டு கிடந்தால் 14416 என்ற டெலிமானஸ் நம்பருக்குப் பேசலாம். எந்நேரமும் எடுப்பார்கள், தமிழிலும் பேசுவார்கள், காசு கிடையாது.

எங்கள் வீட்டு மாதக் காலண்டரில் பால் கணக்கு எழுதும் பக்கத்தில் 1930 என்று சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால் பையன் பெரிதாக எழுதி வைத்திருக்கிறான். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்த என் மாமியார், "இது யாரு நம்பருடா?" என்றார்.

"போலீஸ், பாட்டி."

"நிஜப் போலீஸா?"

"ஆமா பாட்டி, நிஜப் போலீஸ்" என்றான்.